விளக்கு வைக்கிற வரைக்கும்

மூளையைப் பற்றிப் படித்தவளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்பது வில்லாபுரத்தில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் நாலு வேலை சொல்லிவிடுவார்கள். ஸ்டீபன் மாமா மெடிக்கல் கோடிங் கட்சி. "சென்னையில ஏசியில உக்காந்து நோய்க்கு நம்பர் போடுற வேலை ஆத்தா. அம்புட்டுத்தான். நீ படிச்ச படிப்புக்குக் கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்" என்பார். அவர் மகன் விளம்பரக் கட்சி. பிஸ்கட் பாக்கெட்டில் ஜனங்களின் கண் முதலில் எங்கே போகிறது என்று அளந்து சொல்ல பெங்களூரில் ஆள் தேடுகிறார்களாம். டேட்டா பக்கம் போ என்று ஒருவர், மருந்துக் கம்பெனிக்குப் போ என்று இன்னொருவர். இவர்களையெல்லாம் தாண்டி வாசலுக்கு வந்தால், "ஐரினு, ஒத்தத் தலவலிக்கு என்ன மாத்திரை போடலாம்?" என்று ஒரு பெரியம்மா நிற்பார். "எனக்கே இப்பத்தான் வந்துச்சு பெரியம்மா, தெரிஞ்சா சொல்றேன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். ஜெசிந்தா டீச்சர் மகளுக்கு வாய் நீளம் என்று அன்றைக்கே பேர் வந்துவிட்டது.

அந்த வேலைகளை நான் குறை சொல்லவில்லை. என்னோடு நியூரோசயின்ஸ் படித்தவர்கள் அதில் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். எனக்கு ஆசை வேறு. தூங்குகிறவர்களின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைக் கோயில் வாசலில் சொன்னால் சிரிப்பார்கள். தூக்க ஆராய்ச்சிக்கு என்று பெங்களூரில் ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே முனைவர் படிப்புக்கு ஒரே ஒரு இடம். நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், கம்ப்யூட்டரிலேயே பேசலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். வேறு இரண்டு இடங்களில் ஏற்கெனவே கையை விரித்தாயிற்று.

அம்மா மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியை. அவருக்கும் எனக்கும் ஒரு பேச்சு இருந்தது. "இது கெடைச்சாப் போ, நான் தடுக்க மாட்டேன். கெடைக்கலேன்னா ஜூன்ல பி.எட். சேந்துரணும். அதுக்கப்புறம் மூஞ்சியத் தூக்கிக்கிட்டுத் திரியக் கூடாது." நான் சரி என்று சொல்லியிருந்தேன். பிள்ளைகளுக்குத் தவளையின் படம் போட்டுக் கொடுப்பது மோசமான வாழ்க்கை இல்லை. ஆனால் அது எனக்கான வாழ்க்கை இல்லை.

அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாமல் காளவாசலில் ஒரு நரம்பு மருத்துவரின் கிளினிக்கில் இ.இ.ஜி. எடுத்துக்கொண்டிருந்தேன். தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைக் கம்ப்யூட்டரில் பதிவது. முன்னால் சாலையில் பஸ் ஹாரனும் பழக்கடைக்காரர்களின் கத்தலும் காதைப் பிளக்கும். பின்பக்கம் இருக்கிற எங்கள் அறையின் கதவைச் சாத்திவிட்டால் அத்தனையும் எங்கோ தூரத்து ஊரில் நடப்பதுபோல ஆகிவிடும். பச்சைத் திரைச்சீலை, மங்கின வெளிச்சம், ஏசியின் முனகல். வலிப்புக்காரர்களுக்குத் தூக்கத்திலும் பதிவு எடுக்க வேண்டும் என்பதால் ராத்திரி முழித்திருந்துவிட்டுக் காலையில் வரச் சொல்வோம். ஊரே வேலைக்கு ஓடுகிற நேரத்தில் என் அறையில் ஆட்கள் வரிசையாக வந்து தூங்கிவிட்டுப் போவார்கள். லாரி டிரைவர், கல்லூரிப் பெண், வாத்தியார், கைக்குழந்தை. எல்லார் தலைக்குள்ளும் அதே அலைகள். திரையில் அவை எழுந்து விழுவதைப் பார்த்துக்கொண்டே இவர் இப்போது எந்தத் தெருவில் நடக்கிறார், யாரோடு பேசுகிறார் என்று நானாகக் கட்டிக்கொள்வேன். சில நாள் யார் தூங்குகிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்பதே எனக்குக் குழம்பிப்போகும்.

நேர்காணல் அன்றைக்குக் காலையில் என்னோடு வேலை பார்க்கிற பாண்டியராஜன் அண்ணன் என் வேலையையும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒன்பதரைக்குப் போன் வந்தது. "பாப்பா, காதுகுத்து வீட்ல மாட்டிக்கிட்டேன். தாய்மாமன் இன்னும் வந்து சேரல. ஒரு கேஸுதான இருக்கு, நீயே பாத்துரு." எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கி எறிந்திருப்பேன், என் போனாக இருந்ததால் விட்டேன்.

அந்த ஒரு கேஸ் தமிழ்வாணி. நாலாவது படிக்கிற பிள்ளை, சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். வலிப்பு நின்று இரண்டு வருஷமாகிவிட்டது. தூக்கத்தில் எடுக்கிற பதிவு சுத்தமாக இருந்தால் மாத்திரையைக் குறைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா முனீஸ்வரி கூட வந்திருந்தாள். தலையில் எண்ணெய் இருந்தால் ஒயர் ஒட்டாது என்று எத்தனை தடவை சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளையைப் பரட்டைத் தலையோடு அனுப்ப இந்தப் பக்கத்து அம்மாக்களுக்கு மனசு வராது. வழிய வழிய எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னி, கனகாம்பரமும் வைத்திருந்தாள். ஷாம்பு போட்டு அலசிவிட்டு ஒவ்வொரு ஒயராக ஒட்டினேன். பிள்ளை கண் இரண்டும் சிவந்து, தள்ளாடிக்கொண்டிருந்தது. படுத்ததும் தூங்கிவிடும் என்று நினைத்தேன்.

தூங்கவில்லை. கண் சொருகும். உடனே தலையை உலுக்கி முழித்துக்கொள்ளும். தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டது. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த முனீஸ்வரிதான் சுவரில் சாய்ந்து, வாயைப் பிளந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, தூக்கம் வருதுல்ல? தூங்கு."

"மாட்டேங்க்கா."

"ஏன்?"

"ராத்திரி முழிச்சவுக பகல்ல தூங்கக் கூடாதுக்கா. விளக்கு வச்ச பெறகுதான் படுக்கணும். இல்லேன்னா முழிச்சது சாமிக்குப் போய்ச் சேராது."

எனக்குப் புரிய நேரமாயிற்று. ராத்திரி பொட்டுத் தூக்கம் கூடாது என்று முந்தின வாரம் போனில் சொன்ன பாண்டியராஜன் அண்ணன், காலையில் இங்கே வந்து தூங்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் வைத்துவிட்டார். பிள்ளையை ராத்திரி பூராவும் முழிக்க வைக்க வேண்டுமென்றால் அந்த ஊருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், சிவராத்திரி மாதிரி சாமிக்கு நேர்ந்துகொண்டு முழிப்பது. தெருவே கூடிவிட்டதாம். ஊர் மந்தைத் திடலில் பாய் விரித்து, ரேடியோ செட் கட்டி, வாணிக்கு இனிமேல் மாத்திரை வேண்டாம் என்று முனியாண்டிக்கு வேண்டிக்கொண்டு முழித்திருக்கிறார்கள். தட்டாமாலை, கண்ணாமூச்சி, சமயநல்லூரிலிருந்து வாங்கி வந்த பரோட்டா, விடியற்காலையில் பருத்திப்பால். இவ்வளவும் செய்த பிறகு பகலில் தூங்கினால் வேண்டுதல் கெட்டுப்போகும். எங்களுக்கும் ஈஸ்டர் முழிப்பு உண்டு. பூசை முடிந்து வந்து பிரியாணி சாப்பிட்டுச் சாயங்காலம் வரைக்கும் தூங்குவோம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதனால் இந்தச் சட்டம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"தூங்குனா மறுபடி வெட்டுவலிப்பு வந்துரும்க்கா" என்றாள் வாணி. "கண்ணு மூடுனா எழுப்பி விடுங்கக்கா."

இன்றைக்கு விட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்குமோ, இந்தப் பிள்ளை இன்னொரு ராத்திரி முழிக்க வேண்டும். கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். அவள் தொடையைக் கிள்ளுவதை நிறுத்தவில்லை. அதற்குள் நேர்காணலுக்குச் சொல்லியிருந்த பதினொரு மணி ஆகிவிட்டது. தூங்கப்போவதில்லை, முழித்திருக்கிற பதிவாவது ஓடட்டும் என்று விட்டுவிட்டு, மூலையில் இருந்த இரும்பு மேசையில், பிள்ளை படத்தில் விழாதபடி லேப்டாப்பைத் திருப்பி வைத்தேன்.

லேப்டாப் திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்தவர் நரை முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பேராசிரியை. பேர் சுமித்ரா ராவ். முதுகலையில் என்ன செய்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். நானும் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். எலிகள், தூக்கமின்மை, நினைவாற்றல், புள்ளிவிவரம். மனப்பாடம் செய்து வைத்திருந்ததால் என் குரல் எனக்கே பிரசங்கம்போல ஒரே சீராகக் கேட்டது. அவர்கள் கேட்டார்கள், நான் சொன்னேன், அவர்கள் கேட்டார்கள். கண்ணாமூச்சியும் பருத்திப்பாலும் விரட்டி வைத்திருந்த தூக்கம், என் இங்கிலீஷைக் கேட்டதும் வந்துவிட்டது. பதிவுத் திரையை ஓரக்கண்ணால் பார்த்தேன். முழித்திருக்கும்போது ஓடுகிற வேகமான அலைகள் கரைந்துபோயிருந்தன. கண்கள் மெல்ல உருளும் கோடு தெரிந்தது. பிறகு அகலமான ஓர் அலை, அதன் பின்னால் நெருக்கமாகச் சில சின்ன அலைகள். தூக்கத்தின் இரண்டாம் படி. பிள்ளை தூங்கிவிட்டது.

லேப்டாப்பில் பேராசிரியை ஏதோ உரக்கக் கேட்டார். சத்தத்தை அணைத்தேன். என் மைக்கையும் அணைத்தேன். அவசரமாக இங்கிலீஷில் எழுதி அடித்தேன்: "மன்னிக்கவும். இந்த அறையில் ஒரு பிள்ளையின் பதிவு ஓடுகிறது. இப்போதுதான் தூங்கினாள். என்னால் பேச முடியாது."

போச்சு, பி.எட். என்று நினைத்தேன். தவளை கண் முன்னால் வந்தது.

திரையில் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பேராசிரியை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து அடித்தார்: "எந்த நிலை?"

"இரண்டு" என்று அடித்தேன்.

"சரி. எழுதியே பேசலாம்."

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது! பெங்களூரில் மூன்று பேர், காளவாசலில் நான், யார் வாயும் திறக்கவில்லை. கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரையில் எழும். நான் பதிவைப் பார்ப்பேன், பதிலை அடிப்பேன், மறுபடி பதிவைப் பார்ப்பேன். முனீஸ்வரியின் குறட்டை ஏறி இறங்கியது. ஏசியிலிருந்து ஒரு சொட்டு விழும், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. வாணியின் அலைகள் பெரிதாகி, நிதானமாகி, அகன்று போய்க்கொண்டிருந்தன. வலிப்பைக் காட்டுகிற கூரான முள் ஒன்றுகூட இல்லை. அவள் மந்தையில் தட்டாமாலை சுற்றிக்கொண்டிருக்கிறாள், தெரு மொத்தமும் சுற்றுகிறது, ஸ்டீபன் மாமாவும் பிஸ்கட் பாக்கெட்டோடு சுற்றுகிறார், தலைவலிப் பெரியம்மாவும் சுற்றுகிறார் என்று எனக்குத் தோன்றியது. நானும் அந்தத் தூக்கத்துக்குள் பாதி இறங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"இந்தப் படிப்பை முடித்து என்ன ஆக விரும்புகிறீர்கள்?" என்று திரையில் வந்தது.

மனப்பாடம் செய்த பதில் ஒன்று இருந்தது. மறந்துபோயிருந்தது. "இப்போது பார்த்துக்கொண்டிருப்பதை இன்னும் நிறைய நாள் பார்க்க வேண்டும். அதற்குச் சம்பளம் கொடுக்கிற எந்த வேலையும் சரி" என்று அடித்துவிட்டேன். அனுப்பிய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் பதில் எழுதுவதற்குள் வெளியே ஒரு பஸ் ஹாரன் கட்டடம் அதிர அலறியது. வாணி முழித்துக்கொண்டாள். நான் மைக்கையும் சத்தத்தையும் திறந்து, "முழித்துவிட்டாள்" என்று அவர்களுக்குச் சொன்னேன்.

பிள்ளை திருதிருவென்று முழித்தது. "அக்கா," என்றது. "நான் தூங்கிட்டேனா?"

"என்ன கேட்கிறாள்?" என்றார் பேராசிரியை இங்கிலீஷில்.

"தூங்கிவிட்டேனா என்று கேட்கிறாள் மேடம்."

"சொல்லுங்களேன்" என்றார். அவ்வளவு எளிது என்று நினைத்துவிட்டார்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. ஒரு வார்த்தை. பிள்ளை சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகும். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அவள் என்னிடம் கேட்கிறாள். அவள் தலைக்குள் நடந்ததை அவளை விட எனக்கு நன்றாகத் தெரியும், அந்த நம்பிக்கையில் கேட்கிறாள். இங்கே பொய் சொன்னால் நான் இத்தனை நாள் படித்ததெல்லாம் எதற்கு?

"தூங்கிட்டம்மா" என்றேன். "நல்லாத் தூங்குன."

அவள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. "எழுப்பச் சொன்னேன்ல! சொன்னேன்ல!" என்று வீறிட்டு அழுதாள். ஒயர்களைப் பிடித்து இழுத்தாள். முனீஸ்வரி பதறி எழுந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் முதலில் என் கையைப் பிடித்தாள். நான் லேப்டாப்பைப் பார்த்து, "மன்னிக்கணும் மேடம், போக வேண்டியிருக்கிறது" என்றேன். "பதிவு நேரத்தில் நேர்காணலுக்கு உட்காருவது சரிதானா, ஐரின்?" என்று பேராசிரியை கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! "தூக்கம் இப்பத்தான் வந்தது மேடம். இன்டர்வியூ முடிஞ்சப்புறம் வான்னு அதுகிட்ட நான் சொல்ல முடியாது" என்று தமிழிலேயே கத்திவிட்டு மூடிவிட்டேன். அப்புறம்தான் யாரிடம் கத்தினேன் என்று உறைத்தது.

விஷயத்தைச் சொன்னதும் முனீஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "பச்சப்புள்ள தூங்குனா சாமி கோவிச்சுக்கிடுமா? கழுத, அழுகாதடி. ஒனக்குப் பதிலா நான் முழிச்சு முடிச்சிர்றேன்."

"நீயுந்தான் தூங்குன! கொறட்டை விட்ட!"

பிள்ளைக்காக நேர்ந்துகொண்டதைப் பெற்றவர்கள் ஏற்றுச் செய்வது அங்கே வழக்கம்தான். மாமன், அத்தை யார் வேண்டுமானாலும் ஏற்கலாம். இப்போது இந்த அறையில் ராத்திரியிலிருந்து தூங்காத ஆள் யார் இருக்கிறார்கள்? நேர்காணலை நினைத்து ராத்திரி பூராவும் கொட்டக் கொட்ட முழித்துக் கிடந்த நான் ஒருத்திதான்.

"நான் முழிக்கிறேன்" என்றேன். "விளக்கு வைக்கிற வரைக்கும். ஒனக்காக."

வாணி அழுகையை நிறுத்தி என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாள். "நீங்க வேற சாமில்லக்கா?"

முனீஸ்வரி முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்தாள். "முழிக்கிறதுக்கு என்னடி சாமி? அக்கா முழிக்கும்."

மதியம் டாக்டர் வந்து பதிவைப் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்றார். முனீஸ்வரி டாக்டர் காலில் விழப்போனாள். வாணி சிரிக்கவில்லை. என் போன் நம்பரை அம்மாவின் போனில் ஏற்றச் சொல்லிவிட்டு, கதவருகே திரும்பி, "அக்கா, படுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வில்லாபுரம் வந்தேன். வீட்டில் யாருமில்லை, அம்மா பள்ளிக்கூடத்தில். முகம் கழுவினேன். கடுங்காப்பி போட்டுக் குடித்தேன். வெயில் ஜன்னல் வழியாக வந்து கட்டிலில் சரியாகத் தலையணை மேல் விழுந்திருந்தது. ஐயோ, அந்தத் தலையணை! வாணியின் வேண்டுதலுக்கும் அவள் மூளையின் அலைகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் ஐந்து நிமிஷம் சாய்ந்தால் சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் யாருக்குத் தெரியப்போகிறது? சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். நடந்துகொண்டே கண் மூடியது, சுவரில் முட்டிக்கொண்டேன்.

ஐந்து மணிவாக்கில் மெயில் வந்தது. நின்றபடியே படித்தேன். தேர்வாகியிருக்கிறேன், ஆகஸ்ட் முதல் வாரம் வந்து சேர வேண்டும். கீழே பேராசிரியை தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார். கடைசியில் நான் சொன்னது அவருக்குப் புரியவில்லையாம், ஆனால் கோபம் நியாயமாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறாராம். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்குள் ஒற்றையாகக் குதித்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த அம்மா, கதவருகே நின்று என்னையே பார்த்தார். "கெடைச்சிருச்சா?" என்றார். தலையை ஆட்டினேன். கையிலிருந்த பையைக் கீழே வைக்காமலே என்னைக் கட்டிக்கொண்டார். அம்மா தோளில் தலை பட்டதும் உடம்பு அப்படியே தொங்கியது. "ஏய், நிக்கவே முடியலயே ஒனக்கு, போய்ப் படு" என்றார்.

"இல்லம்மா. இன்னுங் கொஞ்ச நேரம். முழிச்சிருக்கணும்."

"யாருக்கு?"

சொன்னேன். அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றும் பேசாமல் இன்னொரு டம்ளர் காப்பி போட்டு வந்து கொடுத்துவிட்டு, எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் தலை சாயும்போதெல்லாம் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே இருட்டத் தொடங்கியபோது போன் அடித்தது.

"அக்கா, நான் வாணி. எங்க வீட்ல விளக்கு வச்சாச்சு." பின்னால் ஆடு கத்துகிற சத்தம். பிறகு குரல் தணிந்து வந்தது. "நீங்க தூங்கிட்டீங்களாக்கா?"

"இல்லம்மா. தூங்கல."

என் தலையில் ஒரு ஒயரும் ஒட்டியிருக்கவில்லை. திரையில் காட்டி நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

"சரிக்கா," என்றாள் வாணி. "அப்பப் படுங்க."

"ஏம்மா, நீ?"

பதில் வரவில்லை. முனீஸ்வரிதான் போனை வாங்கிப் பேசினாள்.

"போனப் புடிச்சபடியே தூங்கிட்டா ஆத்தா" என்றாள்.